தட்டை மாற்றி வைப்பவள்

மீன் வாங்கும்போது அவள் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. தராசைத்தான் பார்ப்பாள். ராயபுரம் மார்க்கெட்டில் சங்கரா மீனை எடை போட்டு, முள் நடுவில் வந்து நின்று, மீன்காரம்மா பையில் கொட்டப் போகும் நேரத்தில் கையை நீட்டுவாள்.

"யக்கா, ஒரு நிமிசம். தட்ட மாத்தி வையி."

கல் இருந்த தட்டில் மீன், மீன் இருந்த தட்டில் கல். தராசு சரியாக இருந்தால் எது எந்தத் தட்டில் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும்.

"இன்னாம்மே, என் மேல நம்பிக்க இல்லியா? உங்கம்மா கல்யாணம் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து உங்க வூட்டுக்கு மீனு குடுத்துகினு கீறேன்."

"உன்ன யாரு இன்னா சொன்னா? தராசுக்கு உன்னயும் தெரியாது, என்னயும் தெரியாது. மாத்தி வையி."

பெரும்பாலும் முள் அங்கேயே நிற்கும். அதற்காக அவள் முகத்தில் மகிழ்ச்சி வந்துவிடாது. ஒருநாள் நிற்கவில்லை. அன்றும் சண்டை போடவில்லை. குனிந்து தட்டின் கயிற்றை விரலால் தடவிப் பார்த்து, "இந்தப் பக்கம் முடிச்சு எறங்கிப்போச்சு யக்கா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மீனை வாங்கிக்கொண்டு நடந்தாள். ஏமாற்றுகிறார்களா என்பது அவளுடைய கேள்வி இல்லை. மாறக்கூடாத ஒன்று, மாற்றிப் பார்த்தால் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள். துறை இருந்தது நகரத்தின் தென்கோடியில், நாங்கள் இருந்தது வடகோடியில். நான் எம்.கே.பி. நகர், அவள் ராயபுரம். காலையில் கடற்கரை ரயில் நிலையத்தில் சந்தித்து மின்சார ரயில் ஏறுவோம். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் தொழிலாளி. அவளுடைய அப்பா அதே துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தார். அவள் வீட்டில் அண்ணன் ஐ.டி.ஐ. படித்திருந்தான், அம்மாவுக்கு பைபிள் வாசிக்கத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். இதை நான் அடக்கத்தோடு சொல்லிப் பழகவில்லை. பழகவும் போவதில்லை.

துறையில் நான் புத்தகத் தமிழும் ஆங்கிலமும்தான் பேசினேன். எங்கள் தெருப் பேச்சை ரயில் பூங்கா நிலையத்தைத் தாண்டும்போதே வாயிலிருந்து இறக்கி வைத்துவிடுவேன். அவள் இறக்கி வைக்கமாட்டாள். ஒரு கருத்தரங்கில் மூத்த மாணவர் ஒருவர் தன் வரைபடத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து, "சார், இது இன்னா ஒரு பக்கம் மட்டும் தூக்கிகினு கீது?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. சிரிப்பு முடியும்வரை காத்திருந்து, அதே கேள்வியை, அதே சொற்களில் மறுபடியும் கேட்டாள். எங்கள் இருவருக்கும் வழிகாட்டியான சார் முன்னால் போய்த் திரையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய படம் உண்மையிலேயே ஒரு பக்கம் உயர்ந்திருந்தது. மாணவர் ஒரு குறியைத் தப்பாகப் போட்டிருந்தார்.

அன்று மாலை ரயிலில் கேட்டேன். "அங்க மட்டும் கொஞ்சம் ஒழுங்கா பேசினா என்னடி?"

"வூட்ல ஒரு பேச்சு, அங்க ஒரு பேச்சுன்னு வெச்சா எது நானுன்னு எனக்கே பேஜாராயிடும்" என்றாள்.

அதை எனக்குச் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. எனக்கு என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கணக்கர். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வளாகத்தில் இரு குடும்பமும் பேசினார்கள். பையன் "நீங்க என்ன பண்றீங்க, எந்த ட்ரெயின்ல போறீங்க" என்று பணிவாகக் கேட்டிருக்கிறான். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வியாழக்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் அவனுடைய அலுவலகத்துக்குப் போய், எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நின்றிருக்கிறாள். அவன் வாசலுக்கு வந்து, தன் அப்பா வயதுள்ள காவலாளியை "டேய், எங்கடா போன, அறிவுகீதா உனக்கு?" என்றானாம். வீட்டுக்கு வந்து, "வாணாம்" என்றாள்.

"ஒருநாள் கோவத்துல பேசியிருப்பான்டி. அதுக்காகவா?" என்று அவளுடைய அம்மா என்னிடம் முறையிட்டார்.

"கோவமா பேசலம்மா. சிரிச்சிகினே பேசினான்" என்றாள் அவள், உள்ளிருந்து.

இனி எங்கள் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். அது தெரியாமல் மீதி புரியாது.

மிகக் கடுமையான லேசர் ஒளியை ஓர் அணுவின் மேல் அடித்தால், அந்த ஒளியின் மின்புலம் அணுவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி உலுக்கும். ஒவ்வோர் உலுக்கலின் உச்சத்திலும் ஓர் எலக்ட்ரானுக்கு வெளியே நழுவ வாய்ப்புக் கிடைக்கும். இந்த உச்சத்தில் நழுவியிருக்கலாம், இன்னொன்றில் நழுவியிருக்கலாம். இரண்டு வழியிலும் அது அதே திசையில், அதே வேகத்தில் வந்து சேர முடியும். எப்போது கிளம்பியது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லாதபோது, இரண்டு வாய்ப்புகளும் இரண்டு அலைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. சில வேகங்களில் ஒன்றையொன்று தூக்கிவிடும். சில வேகங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். வந்து விழுந்த எலக்ட்ரான்களை எல்லாம் சேர்த்துப் படமாக்கினால் வெளிச்சக் கோடு, இருட்டுக் கோடு, மறுபடி வெளிச்சக் கோடு என்று வரும். அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தால், எலக்ட்ரான் அணுவை விட்டுக் கிளம்பிய நேரத்தைப் படிக்கலாம். அந்த நேரத்தை அளக்க உலகத்தில் எந்தக் கடிகாரமும் கிடையாது.

எங்களிடம் அப்படிப்பட்ட லேசர் இல்லை. கணினிதான் இருந்தது, அதுவும் ஒன்று. ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் எனக்கு என்று சார் பிரித்துக் கொடுத்திருந்தார். எலக்ட்ரானின் அலையைக் கணினிக்குள் ஓடவிட்டுக் கோடுகளை வரவழைப்பது எங்கள் வேலை. அதில் ஒரு சங்கடம் உண்டு. உண்மையான எலக்ட்ரான் எல்லையில்லாத வெளியில் ஓடும். கணினிக்குள் அத்தனை இடம் கிடையாது. ஒரு பெட்டி கட்டி அதற்குள்தான் ஓடவிட வேண்டும். பெட்டிக்குச் சுவர் உண்டு. அலை சுவரில் மோதித் திரும்பி வரக்கூடாது என்பதற்காகச் சுவரை ஒட்டி உள்பக்கமாக ஒரு பட்டை வைப்போம். அதற்குள் நுழைந்த அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அடங்கிவிட வேண்டும். பட்டை அகலமாக இருந்தால் நன்றாக அடங்கும். ஆனால் கணக்கு முடிய நாளாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு காசிமேட்டுப் பக்கம் நடந்தோம். மீன்பிடித் துறைமுகத்தின் செங்குத்தான சுவர் ஓரமாக நின்று அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த அலையும் சுவரில் பட்டுத் திரும்பிய அலையும் குறுக்கே போய் நீரில் கட்டம் கட்டமாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. ஒரு சிறிய படகு அந்த இடத்தில் இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது.

"எங்க நைனா இங்க படக கட்டவே மாட்டாரு" என்றாள். "அதோ, கல்லு கொட்டிகீறாங்களே ரோட்டோரம், அங்க அலை அடிச்சா உள்ள பூந்து செத்துப்போவும். இங்க அடிச்சா திரும்பிகினு வரும்."

"படகு கட்ட யாரு வந்தா? எனக்கு ஐஸ் வாங்கிக் குடு" என்றேன்.

வாங்கிக் கொடுத்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

அந்த ஆண்டில்தான் எனக்கு அந்தப் படம் கிடைத்தது. வழக்கமாக வரும் பெரிய வளையங்களுக்கு நடுவே, மெதுவாக வரும் எலக்ட்ரான்கள் விழும் பகுதியில், சீப்பின் பற்கள் போல நெருக்கமாக, நேர்த்தியாகக் கோடுகள். அதுவரை யாரும் அப்படிக் காட்டியதில்லை. சார் தன் அறையிலிருந்து எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இதை வெளியூர்க் கூட்டத்தில் நீயே பேசு" என்றார். கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அது முடிந்த அடுத்த வாரம் எங்கள் இருவருக்கும் ஆண்டுப் பரிசீலனை. காட்ட வேலை இல்லாதவர்களின் ஆராய்ச்சிப் பதிவை நிறுத்தி வைத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குக் காட்ட வேலை கிடைத்துவிட்டது. பதிவு நின்றால் அடுத்த மாதமே ஏதாவது ஒரு கம்பெனியில் போய் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது.

படத்தை வண்ணத்தில் அச்செடுத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பா அதைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார்.

"ஹார்பர் தண்ணில எண்ண மெதக்குமே, அது மாதிரி கீது" என்றார். "இத்த நீயே செஞ்சியா கண்ணு?"

"நானே செஞ்சதுதான் நைனா."

சோற்றுப் பருக்கை தடவி சுவரில் ஒட்டினார். அதன் பிறகு வீட்டுக்கு வந்த யாரும் அந்தப் படத்தைப் பார்க்காமல் போக முடியவில்லை.

அவளும் பார்த்தாள். துறையில், என் கணினித் திரையில். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "பெட்டிய பெருசு பண்ணி ஓட்டினியா?" என்றாள்.

"எதுக்கு? பட்டை வெச்சிருக்கேன்."

"எவ்ளோ அகலம்?"

பாதியாகக் குறைத்திருந்தேன். அதனால்தான் கணக்கு மூன்றே நாளில் முடிந்திருந்தது. அதை என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். அவளிடம் சொன்னபோது அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"ஒருவாட்டி பெருசு பண்ணிப் பாரேன்" என்றாள்.

"என் வாரம் முடிஞ்சிடுச்சு. பெரிய பெட்டின்னா ஏழு நாள் ஓடும். அடுத்த என் வாரம் முடியறதுக்குள்ள கூட்டமே வந்திடும். உனக்கு என்ன பிரச்சினை? கோடு அழகா இருக்கறதா?"

"அழகாத்தான் கீது" என்றாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பொறாமை என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை இங்கே மறைக்கத் தேவையில்லை. அவளுக்கு அந்த ஆண்டு முழுக்க எதுவும் சரியாக அமையவில்லை. பரிசீலனைக்கு முன்னால் அவளுக்கு மிச்சமிருந்தது அடுத்து வந்த ஒரு வாரக் கணினி நேரம் மட்டும்தான். அந்த வாரம் முழுக்க அவள் கணினி அறைப் பக்கமும் மேசைப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தாள். தன் கணக்கைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நான் என் பேச்சைக் கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது நாள் காலை என் மேசைக்கு வந்தாள். கையில் இரண்டு தாள்கள். ஒன்று என் படம். இன்னொன்று அதே கணக்கு, இரண்டு மடங்கு பெரிய பெட்டியில். என் நிரல் பொது இடத்தில்தான் இருந்தது, யாரும் எடுக்கலாம். தன் வாரத்தில் அவள் என் கணக்கை ஓட்டியிருந்தாள்.

ஜன்னல் கண்ணாடியில் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைகளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வெயில். என் படத்தில் ஒரு பல் இருந்த இடத்தில் புதியதில் இரண்டு பற்கள் இருந்தன. சீப்பு முழுவதும் அப்படித்தான். சுவர் தள்ளிப் போனதும் கோடுகள் நெருங்கிவிட்டன. எலக்ட்ரானுக்குச் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியக்கூடாது. இந்தக் கோடுகளுக்குத் தெரிந்திருந்தது. மெதுவான எலக்ட்ரானின் நீண்ட அலை, நான் குறைத்த பட்டையில் அடங்காமல் திரும்பி வந்து, வந்துகொண்டிருந்த அலைமேல் விழுந்து, இல்லாத ஒன்றை வரைந்திருந்தது. அப்பா வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது காசிமேட்டுச் சுவரோரத்துத் தண்ணீரை.

அவள் ஒரு கையைத் தாளிலிருந்து எடுத்து, சீப்புக்கு வெளியே, ஓரமாக இருந்த ஒரு பகுதியில் விரலை வைத்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி. பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி. அந்த மூன்று இடங்களில் மட்டும் இரண்டு தாளின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருந்தன. மங்கலான, அகலமான மூன்று கோடுகள். நேர்த்தியான சீப்புப் பக்கத்தில் இருந்ததால் நான் அவற்றைத் திரும்பியே பார்த்ததில்லை. சுவர் நகர்ந்தும் நகராதவை. இரண்டு நேரங்களில் கிளம்பியிருக்கக்கூடிய ஓர் எலக்ட்ரான் உண்மையில் வரைந்தவை.

தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுவதும் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சாரிடம் போய், பெட்டியின் சுவரால் வந்த பிழை என்றும், மூன்று கோடுகள் மட்டுமே மெய் என்றும் சொன்னேன். அவர் முகம் முதலில் சுருங்கியது. பிறகு இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இது முந்தியதைவிட நல்ல வேலை" என்றார். யார் ஓட்டியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கூட்டத்தில் சீப்பையும் காட்டினேன், அது ஏன் பொய் என்றும் காட்டினேன், மூன்று கோடுகளையும் காட்டினேன். முதல் வரிசையில் இருந்த வயதான ஒருவர் கேட்டார். "இந்தப் பிழையில் பலர் விழுந்திருக்கிறார்கள். நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"பெட்டியை இரட்டிப்பாக்கிப் பார்ப்பது என் வழக்கம்" என்றேன்.

கைதட்டினார்கள். எங்கள் சார் பெருமையோடு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். நான் ஒத்திகை பார்த்த வாக்கியம் இல்லை அது. கேள்வி வந்ததும் தானாக வந்தது. அவ்வளவு சரளமாக வந்ததுதான் எனக்கு இன்றுவரை நினைவிருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தாள். கோட்டை நிலையம் வரைக்கும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அங்க யாராச்சும் கேட்டாங்களா, செவுத்த நீ எப்டி புடிச்சேன்னு?"

"இல்ல. யாரும் கேக்கல."

கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டாள். "சரி" என்றாள்.

அன்று மதியமே சார் தேநீர் நேரத்தில் துறை முழுவதற்கும் அந்தக் கேள்வியையும் என் பதிலையும் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. அவளும் அங்கே கோப்பையோடு நின்றிருக்கிறாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் முகம் திருப்பவில்லை. கடலையில் பங்கு கொடுத்தாள். காய்ச்சல் வந்தபோது பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டாள். ஆனால் என் வேலையைப் பார்த்து எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் எதைக் காட்டினாலும் "நல்லாகீது" என்பாள். கயிறு ஒரு பக்கம் இறங்கிய தராசுக்காரியிடமும் அவள் அப்படித்தான், சண்டை போடாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு நடந்தாள். அதை நான் தாமதமாகத்தான் யோசித்தேன்.

பரிசீலனை நாளன்று இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம். என் முறை பத்து நிமிடத்தில் முடிந்தது. அவளிடம், கடைசியாகக் கிடைத்த ஒரு வாரக் கணினி நேரத்தில் என்ன செய்தாள் என்று கேட்டார்கள்.

"வேற ஒரு கணக்கு ஓடிச்சு சார்" என்றாள்.

"அதன் முடிவு எங்கே?"

"அது என்னுது இல்ல சார்."

நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் என் தாளில் உள்ள பாதி வேலை யாருடையது என்ற கேள்வி அடுத்த நொடியில் வரும். திறக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய பதிவை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஆறு மாதம் முடிவதற்குள் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆசிரியையாகப் போய்விட்டாள்.

அவள் ஏன் தன் வாரத்தை என் கணக்குக்குக் கொடுத்தாள் என்று பிறர் கேட்டால், தோழிக்காக என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படிச் சொல்ல முடியவில்லை. தட்டு மாற்றாத ஒரு தராசு எதிரில் இருந்தது. அவளால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்தத் தராசு யாருடையதாக இருந்திருந்தாலும் அவள் அதைத்தான் செய்திருப்பாள்.

கட்டுரை அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ராயபுரம் போனேன். கடைசிப் பக்கத்தில், பயனுள்ள உரையாடல்களுக்கு நன்றி என்று அவள் பெயரைப் போட்டிருந்தேன். அவளுடைய அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எங்க, எங்க கீது பேரு?" என்று கேட்டு, காட்டிய இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குக் காட்ட எடுத்துக்கொண்டு ஓடினார்.

நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். அவள் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"நாம இன்னாடி பேசினோம்?" என்றாள், தலை நிமிராமல். "அன்னிக்கு ஒரு வார்த்தகூட பேசலியே."

அவள் திருத்திப் போட்ட தாள்களை எடுத்து அடுக்கினேன்.

"பேரு போடறதுன்னா வேல நடந்த எடத்துல போடு. இல்லாங்காட்டி வாணாம். எங்கம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்ல."

குரலில் கோபம் இல்லை. தாளில் ஒரு விடைக்குக் குறுக்காகக் கோடு போட்டு, ஓரத்தில் அரை மதிப்பெண் போட்டாள். அவளுடைய அம்மா திரும்பி வந்ததும் எனக்கு மீன் குழம்பு ஊற்றினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து என் ஆய்வேட்டை எழுதினேன். மூன்று கோடுகளின் படம் வரும் பக்கத்தில், படத்துக்குக் கீழேயே, பெரிய பெட்டியின் கணக்கு யாருடைய யோசனை, அதை ஓட்டியது யார், யாருடைய கணினி நேரத்தில் என்று அவள் முழுப் பெயரோடு எழுதினேன். கையெழுத்துக்காக சாரிடம் கொடுத்தபோது அவர் அந்தப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உன் வழக்கம் என்று சொன்னாயே."

"அன்றுவரை இல்லை சார். அவளுடையது."

"பரிசீலனை நடந்த அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம் சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அவர் என்னிடம் பழைய மாதிரி பேசியதில்லை. அப்படிப் பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுச் சுவரில் இருந்த சீப்புப் படத்தையும் அந்த வாரம்தான் கிழித்தேன். அப்பா ஏன் என்று கேட்டார். தப்பான படம் என்றேன். "நல்லா இருந்துச்சே" என்றார்.

அட்டை போட்டுக் கட்டிய ஆய்வேட்டில் ஒரு பிரதியைத் திருவொற்றியூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளிக்கூட வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். மூடினாள். "நல்லாகீது" என்றாள். அந்தச் சொல்லுக்கு அவளிடம் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும் என்பதால் வெயிலில் பேருந்து நிறுத்தம்வரை நடந்தது நீண்ட தூரமாக இருந்தது.

ஒரு மாதம் இருக்கும். துறை நூலகத்துக்கு ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நூலகர் அம்மா என்னைப் பார்த்ததும், "உன் தீசிஸ கேட்டு ஒரு டீச்சர் வந்திருந்தாங்கம்மா" என்றார்.

"யாரு?"

"பேரு சொல்லல. கையில பெருசா ஒரு பை. அதுக்குள்ளேர்ந்து இன்னொரு தீசிஸ எடுத்து இது பக்கத்துல வெச்சாங்க. ரெண்டும் ஒண்ணுதானேம்மான்னு கேட்டேன். அதத்தான் பாக்கறேன்னாங்க. ரெண்டுலயும் ஒரே ஒரு பக்கத்த மட்டும் திருப்பி, விரல வெச்சு வரி வரியாப் பாத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. ரெண்டு நிமிசம் நின்னாங்க. சரின்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க."